மொத்தம், உள்நாடு, உற்பத்தி: நாட்டுக் கணக்கின் புதிய அனைத்துலக நெறிமுறையும் மார்சிலிங் தரும் சில பாடங்களும்

முன்னுரை

ஒரு நாட்டின் பொருளியல் இவ்வாண்டில் இத்தனை விழுக்காடு வளர்ந்தது என்னும் செய்தியை நாம் நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். வகுப்பறையில் அச்செய்தியைப் பாடப்பொருளாகவும் கையாள்கிறோம். எனினும், அந்த எண் எவற்றைக் கூட்டிப் பெறப்பட்டது, எவற்றை விலக்கிப் பெறப்பட்டது, எது சேரும், எது சேராது என்பதை முடிவு செய்வோர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு இது தக்க தருணம். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையம் தனது 56ஆவது கூட்டத்தொடரில் நாட்டுக் கணக்கு முறைமையின் புதிய பதிப்பை ஏற்றுக்கொண்டது. ஐக்கிய நாடுகள், அனைத்துலகப் பண நிதியம், உலக வங்கி, பொருளியல் ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு, ஐரோப்பிய ஆணையம் ஆகிய ஐந்தும் இணைந்து உருவாக்கிய இந்நெறிமுறை, 2008ஆம் ஆண்டுப் பதிப்பின் இடத்தைப் பெறுகிறது. நாடுகள் இதனை 2029, 2030ஆம் ஆண்டுகளையொட்டி நடைமுறைக்குக் கொண்டுவரும் என்பது திட்டம்.

பொருளியல் வல்லுநர்க்குரிய இச்செய்தி தமிழாய்விதழ் ஒன்றில் இடம்பெறுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இக்கருத்துகளைத் தமிழில் கற்பிக்க நாம் பயன்படுத்தும் கலைச்சொற்கள் சில இடங்களில் பொருளை மறைக்கின்றன. இரண்டாவது, இந்நெறிமுறையின் எல்லைக்கோடுகள் தமிழர் பலரின் உழைப்பை ஊடறுத்துச் செல்கின்றன. ‘மொத்த உள்நாட்டு உற்பத்தி’ என்னும் தொடரின் மூன்று சொற்களையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, நாம் நன்கறிந்த மார்சிலிங் வட்டாரத்தின் அன்றாட வாழ்வைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாட்டுக் கணக்கு உருவான வரலாறு

நாட்டின் வருமானத்தைக் கணக்கிடும் முயற்சி இந்தியாவில் ஓர் அரசியல் வினாவாகவே தோன்றியது. தாதாபாய் நௌரோஜி, 1867-68ஆம் ஆண்டில் இந்தியர் ஒருவரின் சராசரி வருமானம் 20 ரூபாய் என மதிப்பிட்டார். காலனி ஆட்சியில் இந்தியா வறுமையுற்றது என்னும் தமது வாதத்திற்கு அவர் இவ்வெண்ணையே அடிப்படையாக்கினார். பின்னர், காஞ்சிபுரத்தில் 1908இல் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ், 1931-32ஆம் ஆண்டுக்கான பிரிட்டிஷ் இந்தியாவின் வருமானத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முறையாக ஆராய்ந்தார். விடுதலைக்குப் பின் 1949இல் இந்திய அரசு அமைத்த தேசிய வருமானக் குழுவில் மகலனோபிஸ் தலைவராகவும், ராவும் காட்கிலும் உறுப்பினர்களாகவும் இருந்தனர்.

நம் வட்டாரத்தில் இப்பணியைத் தொடங்கி வைத்தவர் பிரெடரிக் பென்ஹாம். மலாயாவின் 1947 முதல் 1949 வரையிலான வருமானத்தைப் பற்றிய அவரது நூல் 1951இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. சிங்கப்பூரின் 1956ஆம் ஆண்டு வருமானத்தையும் அவர் தனியே மதிப்பிட்டார்.

இத்தகைய தனித்தனி முயற்சிகளை ஒப்பிடத்தக்கனவாக ஆக்குவதற்குப் பொதுவிதிகள் தேவைப்பட்டன. ரிச்சர்ட் ஸ்டோன் தலைமையில் உருவான முதல் நெறிமுறை 1953இல் வெளிவந்தது. அவருக்கு 1984இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1968, 1993, 2008, 2025 ஆகிய ஆண்டுகளில் அந்நெறிமுறை திருத்தம் பெற்றது. பொருளியலின் உருவம் மாறும்போது அளவுகோலையும் சரிசெய்ய வேண்டியுள்ளது என்பதையே இத்திருத்தங்கள் காட்டுகின்றன.

அளவுகோலும் அடிப்படை ஆண்டும் மாறினால் அளக்கப்படும் நாடே மாறிவிட்டதுபோல் தோன்றும். கானா தன் கணக்கை 2010 நவம்பரில் புதுப்பித்தபோது அதன் பொருளியல் ஏறத்தாழ 60 விழுக்காடு பெரிதாகியது. நைஜீரியாவில் 2014ஆம் ஆண்டு நிகழ்ந்த திருத்தம் 89 விழுக்காட்டைக் கூட்டியது. இந்தியா 2015 ஜனவரியில் புதிய வரிசைக்கு மாறியபோது, 4.7 விழுக்காடு எனக் கூறப்பட்டிருந்த 2013-14ஆம் ஆண்டின் வளர்ச்சி 6.9 விழுக்காடாகியது. அவ்வாண்டில் நடந்து முடிந்த உழவிலும் தொழிலிலும் வணிகத்திலும் எந்த மாற்றமும் இல்லை. கணக்கிட்ட முறையும் தரவுகளும் மட்டுமே மாறின.

மொத்தம்: கழிக்கப்படாத கழிவு

‘மொத்தம்’ என்றதும் மாணவர் ‘எல்லாவற்றையும் கூட்டிய தொகை’ என்று பொருள் கொள்கின்றனர். அன்றாடத் தமிழில் அதுவே பொருள். நாட்டுக் கணக்கிலோ அச்சொல் ‘தேய்மானத்தைக் கழிப்பதற்கு முந்தைய’ என்னும் நுண்பொருளில் வருகிறது. அதன் எதிர்ச்சொல் ‘பகுதி’ அன்று, ‘நிகரம்’ ஆகும். இவ்வேறுபாட்டைச் சுட்டாமல் கற்பிக்கும்போது, பாடத்தின் முதற்படியிலேயே பிழை புகுந்துவிடுகிறது.

மார்சிலிங்கில் 1970களில் எழுந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளைச் சான்றாகக் கொள்ளலாம். அவை ஆண்டுதோறும் குடியிருப்புச் சேவையை வழங்குகின்றன. அதே வேளையில் ஆண்டுதோறும் பழமையடைகின்றன. சேவையின் மதிப்பை மட்டும் எழுதிக்கொண்டு பழமையடைதலை எழுதாமல் விட்டால் கிடைப்பது ‘மொத்த’க் கணக்கு. இரண்டையும் எழுதினால் கிடைப்பது ‘நிகர’க் கணக்கு.

2025ஆம் ஆண்டு நெறிமுறை நிகரத்திற்கு முன்னிலும் கூடுதலான முதன்மை தருகிறது. அதன் முக்கியமான மாற்றங்களுள் ஒன்று, இயற்கை வளம் குறைந்துபோவதையும் உற்பத்திச் செலவாகக் கருத வேண்டும் என்பது. நெய்வேலியில் தோண்டி எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரியின் மதிப்பு இதுவரை உற்பத்தியாகக் கூட்டப்பட்டது. நிலத்தடியிலிருந்து அது தீர்ந்துபோவது நாட்டின் நிகர உற்பத்தியில் செலவாகக் கழிக்கப்படவில்லை. மலேசியாவின் பெட்ரோலியத்திற்கும் இது பொருந்தும். இனி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மாற்றமின்றியும், நிகர உள்நாட்டு உற்பத்தி அவ்வளவுக்குக் குறைந்தும் தோன்றும். முன்னோர் வைத்த விதைநெல்லை விற்றுக் கிடைத்த பணத்தை எந்த உழவரும் முழு வருமானமாகக் கருதுவதில்லை. அந்த அறிவு நாட்டுக் கணக்கின் மையப்பகுதிக்குள் இப்போதுதான் நுழைகிறது.

இப்பதிப்பு சொல்லாட்சியிலும் தெளிவை நாடுகிறது. ‘நிலைமூலதன நுகர்வு’ என்று முன்பு வழங்கியதை எளிதாகத் ‘தேய்மானம்’ என்றே குறிக்கிறது. தமிழில் நாம் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல்லும் அதுவே என்பது மகிழ்ச்சிக்குரியது.

உள்நாடு: கடற்பாலத்தின் இரு பக்கங்கள்

மார்சிலிங், ஜொகூர் பாருவை இணைக்கும் கடற்பாலத்திற்கு அருகில் அமைந்துள்ளது. 1924ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று முறைப்படி திறக்கப்பட்ட அப்பாலத்தின் வழியாக, ஒவ்வொரு நாளும் பொழுது விடிவதற்கு முன்பே ஜொகூரிலிருந்து பணியாளர்கள் வருகின்றனர். மாலையிலும் இரவிலும் வீடு திரும்புகின்றனர்.

மார்சிலிங் பெருவிரைவு ரயில் நிலையத்தில் காலையில் அருகருகே நிற்கும் தமிழர் இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் ஜொகூர் பாருவில் குடும்பத்துடன் வாழ்பவர். நாள்தோறும் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றிற்கு வந்து செல்பவர். மற்றவர் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வேலை அனுமதியில் வந்து, ஊழியர் தங்கும் விடுதியில் ஈராண்டுகளாக வாழ்பவர். இருவரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஊதியத்திற்குப் பணிபுரிவதாகவும் கொள்வோம். நாட்டுக் கணக்கு இவ்விருவரையும் எவ்வாறு பார்க்கிறது?

உற்பத்தியைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லை. தொழிற்சாலை சிங்கப்பூரில் இயங்குவதால், இருவர் உழைப்பின் பயனும் சிங்கப்பூரின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்கிறது. வருமானக் கணக்கில்தான் வழிகள் பிரிகின்றன. ஜொகூர்க்காரரின் பொருளியல் வாழ்வின் மையம் மலேசியா. ஆதலால் அவர் சிங்கப்பூரின் வசிப்பாளராகக் கருதப்படுவதில்லை. அவரது ஊதியம் மலேசியாவின் மொத்தத் தேசிய வருமானத்தில் சேர்கிறது. புதுக்கோட்டைக்காரரோ ஓராண்டுக்கு மேல் இங்கு வாழ்ந்து பணிபுரிவதால் சிங்கப்பூரின் வசிப்பாளராகிறார். அவரது குடியுரிமை இந்தியாவிலும், மனைவி மக்கள் புதுக்கோட்டையிலும் இருந்தபோதிலும், அவர் ஈட்டும் ஊதியம் சிங்கப்பூரின் தேசிய வருமானமே. அவர் ஊருக்கு அனுப்பும் பணம் ‘மாற்றுத்தொகை’ எனப் பதிவாகிறது. அது இந்தியாவின் உள்நாட்டு உற்பத்தியிலும் சேராது, தேசிய வருமானத்திலும் சேராது. அதற்கும் அடுத்த நிலையிலுள்ள ‘செலவிடத்தக்க வருமானம்’ என்னும் கணக்கில்தான் இடம்பெறும்.

இது சிறு தொகை அன்று. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி, 2023-24இல் இந்தியா பெற்ற இத்தகைய வரவு 118.7 பில்லியன் அமெரிக்க டாலர். அதில் சிங்கப்பூரிலிருந்து சென்றது 6.6 விழுக்காடு. மாநிலங்களுள் தமிழ்நாடு பெற்ற பங்கு 10.4 விழுக்காடு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எழும் மாடி வீடுகளுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் பின்னாலுள்ள இப்பணத்தை, வளர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்ப்பவரால் நேரடியாகக் காண இயலாது.

இங்கும் நம் கலைச்சொல் தடையாகிறது. ‘தேசிய வருமானம்’ என்றால் குடிமக்களின் வருமானம் என்றே மாணவர் எண்ணுவர். நாட்டுக் கணக்கு கடப்பிதழைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தையே பார்க்கிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘வதிவோர்’ என்னும் சொல் இக்கருத்தைச் செம்மையாக உணர்த்துகிறது. அதனை நாமும் ஏற்பது நன்று.

நிறுவனங்களின் வருமானத்திலும் இச்சிக்கல் உண்டு. அயர்லாந்தின் பொருளியல் 2015இல் 26 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்ததாக முதலில் அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளைக் கணக்களவில் அந்நாட்டுக்கு மாற்றியதே அதற்கு முதன்மைக் காரணம். அதன்பின் அந்நாடு, உள்ளூர் நிலையை உணர்த்தத் திருத்திய தேசிய வருமானம் ஒன்றைத் தனியே வெளியிடத் தொடங்கியது. அயல் நிறுவனங்களுக்கு நடுவமாக விளங்கும் சிங்கப்பூரும், வசிப்போருக்கு உரிய பங்கைப் பிரித்துக்காட்டும் கணக்கை முன்னைய ஆண்டுகளில் வெளியிட்டுள்ளது. புதிய நெறிமுறை உலகமயமாதலைத் தன் முதன்மைக் கருப்பொருள்களுள் ஒன்றாகக் கொண்டமைக்கு இத்தகைய அனுபவங்களே பின்னணி.

உற்பத்தி: எல்லைக்கோடு எங்கே?

மூன்றாவது சொல்லே மிகுந்த விவாதத்திற்குரியது. ‘உற்பத்தி’ என்றால் பொருளைச் செய்தல் என்னும் எண்ணம் மேலோங்குகிறது. உண்மையில், சிங்கப்பூரின் உள்நாட்டு உற்பத்தியில் பெரும்பகுதி சேவைத் துறைகளிலிருந்து வருகிறது. கண்ணுக்குப் புலப்படாத பலவும் அதில் அடங்கும். மென்பொருளுக்காகும் செலவை 1993ஆம் ஆண்டுப் பதிப்பும், ஆய்வு மேம்பாட்டுச் செலவை 2008ஆம் ஆண்டுப் பதிப்பும் முதலீடாக ஏற்றன. ஆய்வுச் செலவு உள்ளிட்ட மாற்றங்களால் அமெரிக்காவின் 2012ஆம் ஆண்டுப் பொருளியல் 3.6 விழுக்காடு உயர்ந்தது. 2025ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் ஒருபடி சென்று, தரவையே உற்பத்தி செய்யப்பட்ட சொத்தாக ஏற்கிறது. செயற்கை நுண்ணறிவை மென்பொருளின் ஒரு பிரிவாகத் தனித்துக் காட்டவும் பரிந்துரைக்கிறது.

எவரும் எவருக்கும் பணம் செலுத்தாத ஒன்றும் உற்பத்தியில் சேர்வதுண்டு. மார்சிலிங்கில் சொந்த வீட்டில் குடியிருக்கும் ஒருவர் வாடகை செலுத்துவதில்லை. ஆயினும், அவர் தமக்குத் தாமே வாடகை செலுத்துவதாகக் கருதி அத்தொகையை உற்பத்தியில் சேர்க்கின்றனர். இதில் தருக்கம் உண்டு. அடுத்தடுத்த வீட்டுக்காரர் இருவர் தம் வீடுகளை ஒருவருக்கொருவர் வாடகைக்கு விட்டு இடம் மாறிக்கொண்டால், நாட்டின் உற்பத்தி திடீரென உயர்ந்ததாகத் தோன்றக்கூடாது அல்லவா?

இதே தருக்கத்தை அவ்வீட்டின் சமையலறைக்குள் கொண்டுசெல்லும்போது கணக்கு நின்றுவிடுகிறது. வீட்டில் பணிப்பெண் ஒருவரை அமர்த்திச் சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றைச் செய்வித்தால், அவரது ஊதியம் உற்பத்தியில் சேரும். சிங்கப்பூரில் 2024 இறுதியில் இத்தகைய பணிப்பெண்கள் 3 இலட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தனர். அதே பணிகளை அவ்வீட்டுத் தாயோ மகளோ மருமகளோ செய்தால் அது உற்பத்தி ஆகாது. வீட்டுப் பணியாளரை ஒருவர் மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று பிகூ என்னும் பொருளியலறிஞர் 1920ஆம் ஆண்டிலேயே இம்முரணைச் சுட்டினார். மரிலின் வாரிங் 1988இல் வெளியிட்ட நூல் இதனைப் பெண்ணுரிமை வினாவாக உலகின்முன் வைத்தது.

எல்லைக்கோட்டின் விந்தையைச் சிற்றூர் வாழ்வில் இன்னும் தெளிவாகக் காணலாம். தன் தேவைக்காகப் பொருளை ஆக்குதல் உற்பத்தி. தன் தேவைக்காகச் சேவை செய்தல் உற்பத்தி அன்று. இதுவே விதி. எனவே, தொலைவிலுள்ள கிணற்றிலிருந்து ஒரு பெண் குடிநீர் சுமந்து வருதல் கோட்பாட்டளவில் உற்பத்தி. அந்நீரில் சோறு வடித்தல் உற்பத்தி அன்று. கொல்லையில் முருங்கை வளர்த்தலும் மாங்காய் ஊறுகாய் இடுதலும் உற்பத்தி. அவற்றைப் பிள்ளைக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவி வைத்தல் உற்பத்தி அன்று. முதல்வகைப் பணிகளும்கூட, நாட்டளவில் அவற்றின் அளவு குறிப்பிடத்தக்கதாக இருந்தால் மட்டுமே நடைமுறையில் கணக்கிடப்படும்.

விலக்கியதற்குக் கூறப்படும் காரணங்களையும் நேர்மையாக நோக்க வேண்டும். இச்சேவைகளுக்குச் சந்தை விலை இல்லை. பணவீக்கம், வரி, வேலைவாய்ப்பு ஆகியவை குறித்து முடிவெடுக்க உதவும் கணக்கில், பணமே கைமாறாத பெருந்தொகையைச் சேர்த்தால் அக்கணக்கு தன் பயனை இழக்கக்கூடும். வீட்டுப்பணி செய்வோர் யாவரையும் உற்பத்தியில் ஈடுபட்டோராகக் கொண்டால் வேலையின்மை என்னும் கருத்தே பொருளிழக்கும் என்பதும் ஒரு வாதம். இறுதி வாதத்தின் வலிமை பின்னர் குறைந்தது. தொழிலாளர் புள்ளியியலாளரின் 19ஆவது அனைத்துலக மாநாடு 2013இல், ஊதியமற்ற வீட்டுப்பணியும் ‘வேலை’யே என ஏற்று, அதனை ஊதியம் கருதிய ‘வேலைவாய்ப்பி’லிருந்து வேறுபடுத்தியது. இவ்விரண்டையும் பிரித்தறிய இயலும் என்றாகிவிட்டது.

புதிய நெறிமுறை எல்லைக்கோட்டை நகர்த்தவில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஊதியமற்ற வீட்டுச்சேவை இன்னும் சேராது. ஆனால், நல்வாழ்வையும் நிலைத்தன்மையையும் தனியே எடுத்துரைத்து, வீட்டுச்சேவைக்கென விரிவாக்கக் கணக்குகளை உருவாக்குமாறு அது நாடுகளை ஊக்குவிக்கிறது. வாயில் திறக்கவில்லை. திண்ணையில் இடம் கிடைத்துள்ளது.

தமிழ்நாட்டின் இரு சான்றுகள்

விரிவாக்கக் கணக்கிற்கு முதல் தேவை, மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்னும் தரவு. இந்தியா 1998-99இல் ஆறு மாநிலங்களில் இதற்கான முன்னோடி ஆய்வை நடத்தியது. அவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. நாடளாவிய ஆய்வு 2019இல் நடைபெற்றது. ஊதியமற்ற வீட்டுப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டனர் என அது கண்டது. 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 289, 88 நிமிடங்களாக இருந்தன. பெண்களின் பணி ஐந்தாண்டில் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களின் பங்களிப்பும் ஏறத்தாழ அதே அளவு குறைந்ததால் இடைவெளி அப்படியே நிற்கிறது.

இரண்டாவது சான்று, தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குவதாக அது தொடங்கப்பட்டது. ‘உதவித் தொகை’ எனாது ‘உரிமைத் தொகை’ எனப் பெயரிட்டதில், பெண்களின் ஓயாத உழைப்பை ஏற்கும் கருத்து அடங்கியிருந்தது. நாட்டுக் கணக்கின் பார்வையில் இத்தொகை ஊதியம் அன்று. அது அரசிடமிருந்து குடும்பத்திற்குச் செல்லும் மாற்றுத்தொகை மட்டுமே. அதனைப் பெறுவதால் அவர்தம் பணி உற்பத்தி ஆகிவிடுவதில்லை. அத்தொகையைக் கொண்டு அவர் அரிசி வாங்கினால் அரிசி விற்றவரின் பணி கணக்கில் சேரும். அதைச் சமைத்த பணி சேராது. ஒரு சொல்லின் வழியே அரசு வழங்கிய ஏற்பை, கணக்குமுறை இன்னும் வழங்கவில்லை.

வகுப்பறைக்குச் சில கருத்துகள்

மேற்கண்டவற்றால் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் மூன்று பணிகள் புலனாகின்றன.

முதலாவது, ‘மொத்த உள்நாட்டு உற்பத்தி’ என்னும் தொடர் நிலைபெற்றுவிட்டதால் அதை மாற்ற முனைவதினும், மூன்று சொற்களுக்கும் உரிய கலைப்பொருளைப் பாடத்திலேயே விளக்குவது பயன்தரும். ‘மொத்தம் × நிகரம்’, ‘உள்நாடு × வதிவோர்’, ‘உற்பத்தி × வேலை’ என எதிரிணைகளாகக் கற்பித்தால் பொருள் மனத்தில் தங்கும்.

இரண்டாவது, 2025ஆம் ஆண்டு நெறிமுறையின் புதிய கருத்துகளுக்குச் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, தமிழ்நாடு ஆகிய நான்கு இடங்களிலும் ஒருமித்த கலைச்சொற்கள் தேவை. நாடுகள் நடைமுறைப்படுத்தவிருக்கும் ஆண்டுகளுக்கு முன்பே இப்பணி தொடங்குவது நலம். பிந்தினால், ஒவ்வோர் ஊடகமும் தனக்குத் தோன்றிய சொல்லை வழங்க, பின்னர் அவற்றை ஒருமுகப்படுத்துதல் அரிதாகும்.

மூன்றாவது, மாணவர்களைத் தம் வீட்டின் ஒருநாள் நேரப்பட்டியலை எழுதச் செய்யலாம். யார், எந்தப் பணியை, எத்தனை நிமிடம் செய்தார் என எழுதி, எதிரே ‘கணக்கில் சேரும்’, ‘சேராது’ என அவர்களே குறிக்கட்டும். பட்டியலில் யாருடைய பெயருக்கு எதிரே ‘சேராது’ மிகுதியாக வருகிறது என்பதை ஆசிரியர் கூறத் தேவையிராது.

முடிவுரை

நாட்டுக் கணக்கு இயற்கை விதியன்று. கூடியிருந்து பேசி வகுத்த இணக்கம் அது. 1953 முதல் 2025 வரை அது பலமுறை திருத்தப்பட்டிருப்பதே அதற்குச் சான்று. மென்பொருளும் ஆய்வும் தரவும் ஒவ்வொன்றாக அதில் இடம்பெற்றன. தீர்ந்துபோகும் நிலக்கரிக்கும் இன்று இடம் கிடைத்துள்ளது.

மார்சிலிங் நிலையத்தில் நாம் கண்ட புதுக்கோட்டைக்காரரின் வீட்டிற்கு ஒருமுறை திரும்புவோம். அவர் ஈட்டும் ஊதியம் சிங்கப்பூரின் வருமானம். அவர் அனுப்பும் பணம் இந்தியாவின் தேசிய வருமானத்தில் இல்லை. அவர் இல்லாத வேளையில் முதியோரையும் பிள்ளைகளையும் காத்து, அவர் கடல்கடந்து உழைப்பதை இயலச் செய்யும் மனைவியின் பணி எந்த நாட்டின் உற்பத்தியிலும் இல்லை. அடுத்த திருத்தம் எப்போது வரும் என நாம் அறியோம். அது வரும்போது அப்பெண்ணின் சார்பில் தெளிவான தமிழில் வாதிடத்தக்க சொற்களை இன்றே ஆக்கி வைத்தல் நம் துறையின் கடமையாகும்.